பன்னிரண்டாவது ஆறும் ஒரு முதுகும்

ஆம்பூரில் டேனியல் வரைந்த பாலாற்று ஓவியத்திலிருந்து தண்ணீர் கசியத் தொடங்கியது 2017 சித்திரையில். அந்த வாரம் தெருவுக்கு லாரித் தண்ணீர் வரவில்லை; ஆகவே யாரும் ஆச்சரியப்பட்டு நேரத்தை வீணாக்கவில்லை. ஓவியத்துக்குக் கீழே குடம் வைத்தார்கள், வரிசையில் நின்றார்கள், வழக்கம்போல் சண்டையும் போட்டார்கள். டேனியல் தோல் தொழிற்சாலையில் ஷேடு பார்த்துச் சாயம் கலக்கிறவர். ஓட்டை விழுந்து கழித்த தோல்களை வீட்டுக்குக் கொண்டுவந்து அவற்றின்மேல் ஆற்றை வரைவார். ஐந்து வருஷத்தில் பதினோரு ஆறுகள் ஆயின. வீட்டுச் சுவர்கள் ஓதம் பூத்ததைத் தவிர இதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

சென்னையிலிருந்து ஒரு கலை விமர்சகர் வந்தார். பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு ஈரத் தரையில் நின்று பார்த்தார். இந்த நிலக்காட்சிகள் இழந்த நதியின் நினைவு என்று நாலு பக்கம் எழுதினார். கசியும் தண்ணீரைப் பற்றி ஒரு வரி இல்லை. படித்தவர்களுக்கு ஈரம் உறைப்பதில்லை போலிருக்கிறது. அதற்குப் பிறகு தெருக்காரர்கள் நிஷாவை அழைத்துவந்தார்கள். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிற பெண். ஒவ்வொரு ஓவியத்திலிருந்தும் ஒரு பாட்டில் பிடித்துச் சோதித்தாள். உப்பு குறைவு, குரோமியம் இல்லை, குடிக்கலாம் என்று எழுதினாள். பழக்கதோஷத்தில் மற்றதையும் குறித்தாள்: வானம் எல்லாவற்றிலும் இரண்டு விரற்கடை, மீதி முழுக்க ஆறு, ஓரத்தில் ஒடுகத்தூர் மலை, கரையில் காயும் சேலை, மேயும் மாடு. கடைசி வரியாக, பதினொன்றிலும் ஒரு மனித உருவம்கூட இல்லை என்று சேர்த்தாள்.

"ஏன்ணே, ஆளே போடல?" என்று டேனியலைக் கேட்டாள்.

"தண்ணியே வெளிய வருதேம்மா. ஆளப் போட்டா?" என்றார் அவர்.

குடத்தோடு நின்றிருந்த முத்துமாரி இதைக் கேட்டாள். டேனியலின் அண்ணன் இருதயராஜின் மனைவி. இருதயராஜ் 2015இல் ஒரு தொழிற்சாலையின் கழிவுத் தொட்டியில் இறக்கப்பட்டு, விஷவாயு தாக்கி இறந்தவர்.

"அப்போ அவரப் போடுங்க தம்பி" என்றாள்.

டேனியல் பத்து மாதம் தூரிகையைத் தொடவில்லை. அண்ணன் வந்துவிடுவார் என்பதல்ல அவர் பயம். பிணவறையில் அடையாளம் காட்டியவர் அவர்தான். அன்று பார்த்த முகம், முப்பது வருஷம் பார்த்த முகத்தை அழித்துவிட்டது. வரைந்தால் அதுதான் வரும். அதை அண்ணியிடம் அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. ஒருநாள் குடம் நிறைகிற நேரத்தில் இதைச் சொல்லி அழுதேவிட்டார். முத்துமாரியும் அழுதாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"முதுகு மட்டும் போடுங்க. மூஞ்சி எனக்குத் தெரியும்."

2023 தையில் பன்னிரண்டாவது ஆறு முடிந்தது. முழங்கால் தண்ணீரில், அக்கரையைப் பார்த்தபடி, இருதயராஜின் முதுகு. அவர் வெளியே வரவில்லை. முத்துமாரி தினமும் மாலை ஷிஃப்ட் முடிந்து வந்து, மகள் கல்லூரியில் சேர்ந்தது, கேஸ் விலை ஏறியது, சூப்பர்வைசர் பேஜார் பண்ணியது என்று எல்லாவற்றையும் அந்த முதுகிடம் சொல்வாள். நிஷா மாதாமாதம் தண்ணீரோடு அதையும் அளந்து எழுதுகிறாள். உருவம் மாதத்துக்கு இரண்டு டிகிரி இந்தப் பக்கம் திரும்புகிறது; முழு முகம் தெரிய இன்னும் ஐந்தரை வருஷம் ஆகும். போன மாதம் இடது காதும் கன்னத்தில் கொஞ்சமும் தெரிந்தன. கன்னத்தில் நரை கலந்த மூன்று நாள் தாடி. அதைத் தான் வரையவில்லை, அப்படி ஒரு தாடி தன் ஞாபகத்திலேயே இல்லை என்று டேனியல் சத்தியம் செய்தார்.

முத்துமாரி கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போறப்பதான் ஷேவ் பண்ணுவாரு" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.