தலையணை உறையின் ஒரு பாதி

எஞ்சின் ஓட மூன்று வேண்டும்: காற்று, பெட்ரோல், தீப்பொறி. ஆபீசில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இதை நான் போர்டில் எழுதிக் காட்டுவேன். ஜெர்மனியில், ஹனோவரில் கார் எஞ்சின்களுக்கு சாஃப்ட்வேர் எழுதும் வேலை எனக்கு. அந்தத் திமிரில்தான் பாலாம்பிகை அக்காவின் பைக்கில் கை வைத்தேன்.

அக்கா எங்கள் கட்டடத்தில் கீழ் வீடு. யாழ்ப்பாணத்துக்காரர், முதியோர் இல்லத்தில் வேலை. ஐம்பத்திரண்டு வயதில் லைசென்ஸ் எடுத்து, பிராண்ட் என்ற பெரியவரிடம் பழைய பைக் ஒன்று வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அதில் வருவதாக, பீலெஃபெல்ட் நகரில் இருக்கும் தங்கையிடம் சொல்லியும் வைத்துவிட்டார். பைக் நன்றாகத்தான் ஓடியது. சிக்னலில் நின்றால் லேசாக இருமும், அவ்வளவுதான். "கார்பரேட்டரைக் கழட்டிக் கழுவினா போதும்க்கா, அரை நாள் வேலை," என்றேன். என்னை யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை கழற்றினேன். கை துடைக்க அக்கா ஆரஞ்சுப் பூப்போட்ட பழைய தலையணை உறை ஒன்றை இரண்டாகக் கிழித்துத் தந்தார். மதியம் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு பட்டனை அழுத்தினால், மோட்டார் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்க மாட்டேன் என்கிறது. பேட்டரி சரி. ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தேன், பொறி நீலமாக வந்தது. பெட்ரோலும் வந்தது, ப்ளக் நனைந்தே இருந்தது. ஆக, இரண்டு இருக்கிறது. மூன்றாவதைப் பார்க்க வேண்டியதுதானே? பார்க்கவில்லை. அக்கா தேத்தண்ணியோடு பக்கத்தில் நின்றார். எனக்கு உடனே ஒரு பதில் வேண்டியிருந்தது.

"எஞ்சினே போச்சுக்கா. கம்ப்ரெஷன் இல்ல. அந்த ஆளு தெரிஞ்சேதான் உங்க தலையில கட்டியிருக்காரு."

"அப்பிடிப்பட்ட மனிசன் மாதிரித் தெரியேல்லையே, தம்பி."

"நான் இன்ஜினியர்க்கா. எனக்குத் தெரியாதா?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளாவது கூடத்தைத்தான் சொன்னாள். நான் ஒரு மனிதரைச் சொன்னேன்.

பேக்கரியில் ரொட்டி வாங்கும் அளவுக்குத்தான் எனக்கு ஜெர்மன் வரும். ஆபீசில் எல்லாம் ஆங்கிலம். அதனால் அக்காதான் பிராண்டுக்குப் போன் செய்தார். நான் தமிழில் எடுத்துக்கொடுக்க, அவர் ஜெர்மனில் சொன்னார். "ஏமாத்திட்டீங்கன்னு சொல்லுங்கக்கா," என்றபோது மட்டும் தயங்கி என் முகத்தைப் பார்த்தார். பிறகு சொல்லிவிட்டார்.  பெரியவர் உடனே வருகிறேன் என்றாராம்.

அக்கா அடுப்பை அணைக்க உள்ளே போனார். பெரியவர் வருவதற்குள் இன்னொரு சாட்சியும் சேர்த்துவிட நினைத்தேன். காற்று வடிகட்டி கண்டிப்பாக அழுக்காக இருக்கும், அதையும் மூஞ்சிக்கு நேரே காட்டலாம் என்று அதன் பெட்டியைத் திறந்தேன். உள்ளே, கார்பரேட்டருக்குக் காற்று போகும் குழாயில், ஆரஞ்சுப் பூப்போட்ட துணி இருந்தது. தூசி விழக்கூடாது என்று காலையில் நானே திணித்தது.

 உருவினேன், பெட்ரோல் சொட்டியது. அப்போதே அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் தெருமுனையில் ஒரு கார் திரும்பியது. துணியை பேன்ட் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு பெட்டியை மூடினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இனிச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

பிராண்டுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, கையில் டூல்ஸ் பெட்டி. அக்காவும் வெளியே வந்தார். பெரியவர் ப்ளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டி, பட்டனை அழுத்தினார். மூன்றாவது முறையில் பைக் பிடித்துக்கொண்டது. அவருக்கே புரியவில்லை. அக்காவின் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். 

"பத்தொன்பது வருசம் வைச்சிருந்தவராம். ஒருநாளும் நிண்டதில்லையாம்," என்று அக்கா எனக்குச் சொன்னார். "ஏதும் பிழை இருந்து தனக்குத் தெரியாமல் போயிருந்தால் மன்னிக்கச் சொல்லுறார்."

மன்னிக்க வேண்டுமாம், நான். பரவாயில்லை என்பது போலத் தலையாட்டினேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, உண்மையிலேயே தலையாட்டினேன்.

"தம்பி, உங்கட காற்சட்டை நனைஞ்சு கிடக்கு."

குனிந்து பார்த்தேன். தொடை வரை பெட்ரோல் ஊறியிருந்தது. பாக்கெட்டுக்கு வெளியே ஓர் ஆரஞ்சுப் பூ தெரிந்தது. அந்த உறையின் மறுபாதி பைக்கின் ஹேண்டில்பாரில் தொங்கியது. அக்கா இரண்டையும் பார்த்தார், பெட்ரோல் சொட்டு ஒட்டியிருந்த காற்றுப் பெட்டியைப் பார்த்தார். அவருக்கு இன்ஜினியரிங் படிப்பு தேவைப்படவில்லை.

"அந்த மனிசனைக் கள்ளன் எண்டு என்ர வாயாலை சொல்ல வைச்சனீங்கள்," என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "இப்ப உங்கட வாயாலை சொல்லுங்கோ."

"எனக்கு ஜெர்மன் வராதேக்கா."

"நான் சொல்லித் தாறன். பின்னாலை சொல்லுங்கோ."

அக்கா ஒவ்வொரு சொல்லாக எடுத்துக்கொடுத்தார். ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போல நான் திருப்பிச் சொன்னேன். பைக்கில் பிழை இல்லை. பிழை என்னுடையது. அதை மறைத்ததும் நான்தான்.

எஞ்சின் சத்தத்தில் பிராண்டுக்குச் சரியாகக் கேட்கவில்லை. குனிந்து சாவியைத் திருப்பி பைக்கை அணைத்தார். பிறகு, இன்னொரு முறை சொல்லும்படி எனக்குக் கை காட்டினார்.