கொலுவில் வைத்த குப்பம்

கால்வாயில் இரண்டு அன்னங்கள் மிதந்தன.

சுந்தரவல்லி பிறந்து வளர்ந்தது அந்தக் கால்வாய்க் கரையில்தான். செத்த நாய் மிதக்கப் பார்த்திருக்கிறாள். அன்னம் பார்த்ததில்லை. இது பிளாஸ்டிக் அன்னம், கால்வாயும் கண்ணாடி. பழைய பீரோவில் கழற்றிய நீளக் கண்ணாடியைப் படுக்கப் போட்டு, ஓரத்தில் கடுகு தூவிப் புல் முளைக்க வைத்திருந்தார்கள். கரை மேல் அவள் இரண்டு மாதம் உட்கார்ந்து செய்த குப்பம், கூரைக்குக் கூரை சீரியல் பல்பு மின்ன நின்றது. பின்னால் படிப்படியாகத் தசாவதாரம், செட்டியார், கல்யாண செட்டு. மயிலாப்பூரில் சாய்சரண் வீட்டுக் கொலு அது.

குப்பத்தைக் கொலுவுக்காக அவள் செய்யவில்லை. எரிப்பதற்காகச் செய்தாள்.

அவளும் சாய்சரணும் ஜைத்தும் ஃபிலிம் படிப்பில் கடைசி வருஷம். மூன்று பேரும் சேர்ந்து எடுக்கும் குறும்படத்துக்கு சாய்சரண் டைரக்டர், ஜைத் கேமரா, தந்திரக் காட்சிகள் அவள் பொறுப்பு. கதையும் அவளுடையதுதான். அவளுக்கு ஒன்பது வயதில் அவர்கள் குப்பம் எரிந்தது. கூரைக்குக் கூரை தீ தாவியது. எல்லாரும் குடம் குடமாக மொண்டு ஊற்றினார்கள். குடம் கிடைக்காத அவள் அம்மா கால்வாய்ச் சேற்றையே இரண்டு கையாலும் அள்ளி அள்ளி வீசினாள். மறுநாள் பஸ்ஸில் ஒரு ஆள் பக்கத்து சீட்டுக்காரரிடம், "இவங்களே கொளுத்திக்குவாங்க சார், நிவாரணம் கிடைக்கும்ல" என்றான். அவள் பள்ளிக்கூடம் போனதும், காலேஜ் போனதும், வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கியதும், அதற்கு மேல் ஃபிலிம் படிக்க வந்ததும் அந்த ஆளுக்குப் பதில் சொல்லத்தான். பதில், கூரைக்குக் கூரை தீ தாவும் இந்த ஒரு ஷாட்டில் இருந்தது.

குப்பத்தில் யாரும் பொம்மைக்குக்கூட நெருப்பு வைக்க விடமாட்டார்கள். அதனால் சாய்சரண் வீட்டுக் கார் ஷெட்டில் வைத்துச் செய்தாள். புரட்டாசி மழையில் ஷெட் ஒழுகியது. சாய்சரணின் அம்மா ஜலஜா மாமி, பாவம் குழந்தை பண்ணினது நனையறதே என்று பதறி, ஆள் வைத்துக் கூடத்துக்குத் தூக்கிவரச் செய்தாள். அது வரைக்கும் நல்ல மனசுதான். அப்புறம் நவராத்திரி வந்துவிட்டது.

கேமராவை நாளைக் காலையில் காலேஜில் திருப்பித் தர வேண்டும். அடுத்த கோஷ்டி காத்திருந்தது. இன்றைக்கு அந்தி வெளிச்சத்தில் எடுத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

"கொலுவுல வெச்சதை விஜயதசமிக்கு முன்னாடி எடுக்கப்படாதுடிம்மா" என்றாள் மாமி. "அதுவும் கொண்டுபோய்க் கொளுத்தப் போறேங்கற. நாளும் கிழமையுமா காதால கேக்கற பேச்சா இது?"

எரிப்பதற்கென்றே செய்தது என்று சுந்தரவல்லி பொறுமையாகவே சொன்னாள்.

"இத்தனை அழகாப் பண்ணிட்டு யாராவது எரிப்பாளோ? வரவா எல்லாம் இதைத்தான் பாக்கறா. குழாயடியில குடம்கூட வரிசையா வெச்சிருக்கியே."

"யாரு செஞ்சதுன்னு கேக்கறாங்களா மாமி?"

"கேக்காம இருப்பாளா? எங்க சரண் காலேஜ்ல பண்ணினதுன்னு சொல்லிண்டிருக்கேன்."

மாமி அதைச் சூது வாது இல்லாமல், பெருமையாகத்தான் சொன்னாள். சொல்லிக்கொண்டே அவள் கையில் சுண்டல் பொட்டலத்தை வைத்தாள். நிஜக் குப்பம் எரிந்த அன்றைக்கு இந்தத் தெருவிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் வரவில்லை. அட்டைக் குப்பத்துக்கு என்ன காவல், என்ன பதைப்பு! சுந்தரவல்லிக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது.

சாய்சரண் இடையில் புகுந்தான். எரிக்கவே வேண்டாம், கொலுவையே படம் எடுத்துவிடலாம், குப்பம் கொலுவில் இருப்பதே பெரிய ஐரனி, ஜட்ஜ் பண்ணுகிறவர்களுக்குப் பிடிக்கும் என்றான்.

"உன் ஐரனிக்கா நான் வெரலைக் கிழிச்சுக்கினேன்? ஒரு பக்கம் புடி."

குப்பம் ஒட்டியிருந்த பலகையை ஒரு ஆள் தூக்க முடியாது. சாய்சரண் அம்மாவைப் பார்த்தான். அம்மாவின் கண் கலங்கியிருந்தது. அவன் கை பாக்கெட்டைவிட்டு வெளியே வரவில்லை.

ஜைத் வாசல்படி தாண்டி வராமல் கேமராப் பெட்டியோடு நின்றிருந்தான். அவனைக் கூப்பிட்டாள். அவன் அவளைத் தாழ்வாரத்துக்கு வரச்சொல்லி, மெதுவாகப் பேசினான்.

"நான் கைய வெச்சா இன்னா ஆவும்னு உனக்குத் தெரியாதா? நாளைக்குக் கொலுவைக் கலைச்சது யாருன்னா என் பேருதான் வரும். இருக்கற காலம் அப்படிக் கீது. வாணாம் வல்லி."

 அவளால் அவன் மேல் கோபப்படக்கூட முடியவில்லை. அதுதான் இன்னும் கோபமாக வந்தது.

திரும்பி உள்ளே போனாள். சுண்டலை ஜன்னல் திட்டில் வைத்தாள். பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் பாட்டை நிறுத்தினார்கள். குப்பத்தின் நடுவில் ஒரு குடிசையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கோந்து விட்டு வந்தது. கூடவே ஒரு சீரியல் பல்பும் பிய்ந்து வந்தது. வரிசை முழுக்க அணைந்தது.

"இது என் வூடு மாமி" என்றாள். "என் வூட்டை நான் எடுத்துக்கினு போறேன்."

மாமி வாயைப் பொத்திக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை.

ஜைத்தின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து, குடிசையை மடியில் வைத்துக்கொண்டு போனாள். தென்னங்கீற்றைக் கிழித்து வேய்ந்த கூரை, சிமெண்ட் மூட்டைக் காகிதத்தில் சுவர். வாசலில் தொங்கியது அம்மாவின் பழைய புடவைக் கிழிசல். ஒரு குடிசை எரிந்தால் அது அடுப்பு எரிகிற மாதிரி. தாவுவதற்குப் பக்கத்துக் கூரை வேண்டும். ஜைத்துக்கும் அது தெரியும். 

ஷூட்டிங்குக்குப் பார்த்து வைத்திருந்த கொட்டிவாக்கம் கடற்கரையில் காற்று தீயைப் பிடிக்க விடாது, மறைப்புக்கு அட்டைப் பலகை வேண்டும் என்று ராயப்பேட்டையில் நிறுத்தினான். அங்கே அவன் அத்தா மெஹபூப் அலி கண்ணாடி, போட்டோ ஃபிரேம் கடை வைத்திருந்தார்.

"இன்னாம்மா, வூட்டையே பேத்துக்கினு வந்துட்ட? மேல ஏறி உக்காரு."

ஸ்டூலில் உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் ஒரு நிலைக்கண்ணாடி சாய்ந்திருந்தது, அந்தப் பக்கம் ஒன்று. தற்செயலாகத் திரும்பியவள் கண்ணை எடுக்கவில்லை. கண்ணாடிக்குள் மடிக்குப் பின்னால் மடி, குடிசைக்குப் பின்னால் குடிசை. ஒரு தெருவே போய்க்கொண்டிருந்தது.

"ஜைத், இங்க வா."

அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. மெஹபூப் அலி முதலில் முனகினார். சூடு பட்டால் வெடிக்கும், தள்ளியே வையுங்கள் என்று கோணியில் சுற்றி, ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

அந்தி சாயும்போது கொட்டிவாக்கம் மணலில், சவுக்குத் தோப்பின் மறைவில், இரண்டு கண்ணாடியும் எதிரெதிராக நின்றன. நடுவில் குடிசை. கேமராவை நாலு மடங்கு வேகத்தில் ஓட்டினால் திரையில் தீ நிதானமாக, பெரிதாக எழும். ஃபிலிம் ஒரு தடவைக்குத்தான் இருந்தது.

"தெரு வந்துடுச்சு வல்லி. வந்து பாரு."

பார்த்தாள். வந்திருந்தது. ஆனால் எல்லா வாசலிலும் அம்மாவின் அதே புடவைக் கிழிசல். தையற்காரர் வீடு இல்லை, ஆன்டெனா வைத்த வீடு இல்லை, குழாயடி இல்லை. அத்தனை வீடும் அவள் வீடு. பரவாயில்லை, எரிகிற வேகத்தில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். சொன்னது பிடிக்கவில்லை.

"வெச்சிட்டு ஒடனே எடது பக்கம் போயிடு. கண்ணாடியில தெரிவ."

தலையாட்டினாள். மண்ணெண்ணெய் தொட்ட கூரைக்குத் தீக்குச்சியை நீட்டினாள். கேமரா வெறிபிடித்த மாதிரி ஓடத் தொடங்கியது. கூரை குபுக்கென்று பிடித்தது. கண்ணாடிக்குள் எல்லாக் கூரையும் பிடித்தன. தாவவில்லை. மொத்தமாக, ஒரே நேரத்தில்.

நகரப் போனவள் குந்தியபடியே நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். ஒவ்வொரு எரியும் வீட்டுக்குப் பின்னாலும் ஒரு பெண் குந்தியிருந்தாள். ஒவ்வொருத்தி கையிலும் தீப்பெட்டி.

பஸ்ஸில் அந்த ஆள் சொன்னதை அவளே படமாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வல்லி, தள்ளு. ஃபிரேம்ல இருக்க. ஃபிலிம் ஓடுது."

தீப்பெட்டியைத் தூர எறிந்தாள். தள்ளவில்லை. முழங்கால் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் மணலை அள்ளித் தீயின் மேல் வீசினாள். மறுபடி அள்ளினாள். புடவைக் கிழிசலில் தீ ஏறியது. புறங்கையில் பொறி பட்டுச் சுட்டது. கண்ணாடிக்குள் தெரு முழுக்கப் பெண்கள் வீட்டுக்கு வீடு மணலை அள்ளி அள்ளி வீசிக்கொண்டிருந்தார்கள். ஈர மணல், கால்வாய்ச் சேறு மாதிரியே கனத்தது.

ஜைத் மறுபடி கூப்பிடவில்லை. கேமராவையும் நிறுத்தவில்லை.