அக்கா போட்ட பிரேக்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று ஸ்டேஷனில் எல்லாருக்கும் தெரியும். புது எஞ்சினீயருக்கு மட்டும் தெரியாது. பன்னிரண்டு வருஷமாக இங்கே சக்கர நாற்காலி தள்ளுகிறவள் நான். எந்த வண்டியின் எந்தக் கதவு எந்தத் தூணுக்கு எதிரே நிற்கும் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன்.

ஸ்டேஷனைப் புதுப்பிக்கிறார்கள். புதுக் கூரை, நகரும் படி, நல்ல கழிப்பறை, எல்லாம் வரட்டும், சந்தோஷம். ஆனால் லிஃப்டைத் தண்ணீர்த் தொட்டி முனையில் வைக்கப்போகிறார்களாம். மாற்றுத்திறனாளிகள் பெட்டி நிற்பதோ பிளாட்பாரத்தின் மறு கோடியில், சிக்னல் கேபின் முனையில். தண்டவாளத்தைக் கடக்க அங்கே இப்போது ஒரு தள்ளுவண்டிப் பாதை இருக்கிறது. அதையும் சுவர் வைத்து அடைத்துவிடுவார்களாம்.

என் அக்கா வாரம் இரண்டு தடவை ஏழு பத்து வண்டியில் பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குப் போகிறாள். கால் ஓய்ந்து நாலு வருஷம் ஆகிறது. எந்தப் பிளாட்பாரம் என்று ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் சொல்வார்கள். வந்தால் இரண்டு நிமிடம் நிற்கும். லிஃப்டில் ஏறி இறங்கி, பதினெட்டுப் பெட்டி நீளம் ஓடினால் டாட்டாதான் காட்டலாம்.

எஞ்சினீயரிடம் போய்ச் சொன்னேன். அவர் பெட்டி வரிசை அட்டவணையை நீட்டினார்.

"பாரும்மா, அந்தப் பெட்டி இன்ஜினுக்கு அடுத்தது. தொட்டிக்கு நேராத்தான் நிக்கும்."

"அது கிளம்புற இடத்துல சார். நடுவுல ஜங்ஷன்ல இன்ஜினைக் கழட்டி அந்தப் பக்கம் மாட்டுவாங்க. முன்னாடி இருந்தது பின்னாடி போயிடும்."

"வரைபடம் மேலிடத்துல பாஸ் ஆயிடுச்சு. நாளைக்குப் பள்ளம் தோண்டறோம்."

"நாளைக்கு ஏழு பத்துக்கு நேர்ல வந்து பாருங்க" என்றேன். சாக்பீஸ் எடுத்துக் கேபின் முனையில் ஒரு கோடு போட்டேன். அவரும் சிரித்துக்கொண்டே தொட்டிப் பக்கம் ஒரு கோடு போட்டார்.

மறுநாள் எஞ்சினீயர் தன் கோட்டருகே வந்து நின்றார்; கோடு போட்ட கதையை நான் சொல்லக் கேட்டிருந்த அக்காவும் நாற்காலியை உருட்டிக்கொண்டு அங்கேயே போனாள். வண்டி ஒன்றாம் பிளாட்பாரம் என்று அறிவித்தார்கள். அக்காவை என் கோட்டுக்குத் தள்ளப் போனேன். நாற்காலி நகரவில்லை. பிரேக்கைப் போட்டுக்கொண்டு எஞ்சினீயர் கோட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கென்ன பைத்தியமா? எடுடி கையை!"

"சார் படிச்சவரு. அவர் சொன்ன இடத்துலயே ஏறிக்கிறேன்."

வண்டி வந்தது. அக்காவுக்கு நேராக இன்ஜின் நின்றது. எஞ்சினீயர் அட்டவணையையும் இன்ஜினையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா பிரேக்கை விட்டாள்.

"தள்ளுங்க சார். ரெண்டு நிமிஷந்தான்."

மனுஷர் தள்ளினார், பாவம். டை தோளுக்கு மேல் பறந்தது. பெட்டி, படுக்கை, ஆள் என்று எல்லாவற்றையும் விலக்கிக்கொண்டு நான் முன்னால் ஓடினேன். பன்னிரண்டாவது பெட்டி தாண்டுவதற்குள் பச்சைக் கொடி அசைந்துவிட்டது. நாங்கள் தேடி ஓடிய அந்தப் பெட்டியே எங்களை எதிர்கொண்டு வந்து, பக்கத்தில் உரசுவதுபோல் தாண்டிப் போனது.

எஞ்சினீயர் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். நான் அழுதுகொண்டே அக்காவைத் திட்டினேன். ஆஸ்பத்திரியில் பத்து மணிக்கு அவளுக்கு ஒதுக்கிய டயாலிசிஸ் மிஷின் போயிற்று. ஒரு தடவை தவறினாலே அவளுக்கு முகமெல்லாம் வீங்கிவிடும், மூச்சு முட்டும். தெரிந்தேதான் செய்திருக்கிறாள் பாவி!

அக்கா என்னைப் பார்க்கவேயில்லை. அவரிடம்தான் பேசினாள். "எனக்கு இன்னைக்கு ஒரு வண்டி போச்சு சார். லிஃப்டைத் தொட்டிகிட்ட வச்சீங்கன்னா, எனக்கப்புறம் வர்றவங்களுக்கும் தினம் போகும்."

எஞ்சினீயர் தன் ஜீப்பைக் கொண்டுவரச் சொல்லி, அக்காவைத் தானே தூக்கி உட்காரவைத்தார். வழியெல்லாம் போனில் மேலிடத்தோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தார். போய்ச் சேர்வதற்குள் அவள் முறை தாண்டிவிட்டதால், மாலை நாலு மணிக்குத்தான் மிஷின் கிடைத்தது. அதற்குள் அக்காவின் விரல் மோதிரத்தில் இறுகிப்போய், நர்ஸ் அதை வெட்டித்தான் எடுத்தாள்.

மறுநாள் பள்ளம் தோண்டினார்கள். என் சாக்பீஸ் கோட்டில்.

இப்போது லிஃப்ட் ஓடுகிறது. ஏழு பத்து வந்து நின்ற பிறகும் எங்களுக்கு நேரம் மிச்சமிருக்கிறது. அந்த வெட்டின மோதிரத்தை ஒட்டித் தருகிறேன் என்றால் அக்கா கேட்பதில்லை. அப்படியே இருக்கட்டுமாம்.