பெல் அடிக்கிற வரைக்கும்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. போன வெள்ளிக்கிழமை காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் தர்மன் சொன்னது. தர்மன் தென்னேரிக்காரன், ஆசிரியர் பயிற்சி முடித்தவன். இந்த 1972ஆம் வருஷம் அவனுக்கு ஒரு விநோதமான வேலை கிடைத்திருக்கிறது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், ஒவ்வொரு வகுப்பிலும் பத்து நிமிடம் பின்னால் உட்கார்ந்து, வாத்தியார் என்ன செய்கிறார் என்று ஒரு தாளில் கோடு போட வேண்டும். கேள்வி கேட்டால் ஒரு கட்டம், கரும்பலகையில் எழுதினால் ஒரு கட்டம். தண்டனைக்கும் ஒரு கட்டம் உண்டு. அதில் மட்டும் எங்கேயும் ஒரு கோடுகூட விழவில்லையாம்.

"நம்ம ஜில்லாவுல வாத்தியாருங்க எல்லாம் தங்கம்பா" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'பிள்ளையார்பாளையத்தில் தறிச்சத்தம் எழும்பிய அந்த இளங்காலையில்' – வேண்டாம். நெசவாளர் பேட்டை என்றாலே தறிச்சத்தத்தைப் போடுவது எழுதுகிறவனின் சோம்பேறித்தனம். தவிர, நடந்தது மத்தியானம்.

அடுத்தது: 'வீரபாகு வாத்தியாருக்கு முரட்டு மீசை. அவர் கண்கள்' – இதையும் அடித்துவிட்டேன். ஐந்தாம் வகுப்பு வாத்தியாரை அரக்கனாக்கினால் என் வேலை சுலபம். ஆனால் தர்மன் பார்த்த வீரபாகு, ஒரே அறையில் எழுபது பிள்ளைகளோடு கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன மனிதர். (பிரம்பு கரும்பலகைக்குப் பின்னால் இருக்கிறது. அதையும் அடித்துவிடப் பார்த்தேன். முடியவில்லை.)

3

தர்மன் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்ததும் வாத்தியார் ஏரிப் பாடத்தை எடுத்தார்.

"ஏரிக்குத் தண்ணி எங்கிருந்து வருது? யார் சொல்றது?"

எல்லாக் கைகளும் உயர்ந்தன. தர்மன் சளைக்காமல் கோடு போட்டான். பத்து நிமிடம் முடியப்போகிற நேரத்தில், கடைசி வரிசையில் அவன் காலடியில் உட்கார்ந்திருந்த அம்சவேணி என்ற பெண் கிசுகிசுத்தாள்.

"சார், சாயங்கால பெல் அடிக்கிற வரைக்கும் இங்கியே குந்திக்கினு இருங்க சார்."

"ஏம்மா?"

"நீங்க இருந்தா வாத்தியார் அடிக்க மாட்டாரு. நான் நேத்தும் வரலை, இன்னிக்குக் காலைலயும் வரலை. அப்பாகூட கரை தள்ளிக்கினு இருந்தேன்."

(நெய்கிற அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, புடவைக் கரைக்கான நூல் ஓடும் தறி நாடாவைத் தள்ளிக் கொடுப்பது அவள் வேலை.)

"கை வீங்கிச்சின்னா பட்டு தோல்ல மாட்டிக்கினு அறுந்துடும் சார். நாளைக்கு முகூர்த்தப் பொடவை முடிக்கணும். அறுந்தா அப்பாவும் அடிப்பாரு."

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு வாசல் வரைக்கும் போய்வந்தேன். கோபம். யார் மேல் என்று இன்னும் தெரியவில்லை.

4

தர்மன் எழுந்திருக்கவில்லை. பென்சில் முனையை வேண்டுமென்றே உடைத்துச் சீவ ஆரம்பித்தான். பார்க்க வருகிறவர்களுக்கென்று வாத்தியார் வைத்திருந்த பாடம் தீர்ந்துபோயிற்று. வேறு வழியில்லாமல் முதலிலிருந்து தொடங்கினார்.

"ஏரிக்குத் தண்ணி எங்கிருந்து வருது?"

பிள்ளைகளும் சிரிக்காமல் மறுபடி கை தூக்கினார்கள். பாதியில் வாத்தியார் கிட்டே வந்தார்.

"டைம் ஆயிடுச்சே சார். ஆறாங் கிளாசுல உங்களுக்காகக் காத்துக்கினு இருக்காங்க."

"அப்புறம்?" என்றேன் நான். அதற்குள் வாலாஜாபாத் பஸ் வந்துவிட்டது. தர்மன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். என் பக்கம் திரும்பவே இல்லை.

5

ஒரு முடிவு: தர்மன், "அந்தப் பொண்ணை அடிக்காதீங்க சார்" என்கிறான். "சேச்சே, நானா?" என்கிறார் வாத்தியார். அவன் வாசலைத் தாண்டியதும், கோள் சொன்னதற்கும் சேர்த்து விழுகிறது.

இன்னொன்று: பெல் அடிக்கிறது. எழுதிவிட்டுத் தர்மனின் கடிகாரத்தைப் பார்த்தால் பெல்லுக்கு இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி இருக்கிறது. எனக்கே நம்பிக்கை வரவில்லை.

மூன்றாவது: தர்மன் தாளை மடித்துக்கொண்டு மெல்ல எழுந்து

எழுத மாட்டேன்.

6

தர்மன் போய் ஒரு வாரம் ஆயிற்று. இப்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நீங்கள்தான். நீங்கள் படித்துக்கொண்டிருக்கிற வரைக்கும் வாத்தியார் பிரம்பை எடுக்க மாட்டார். இத்தனை அடைப்புக்குறியும் அடித்தல் திருத்தலும் எதற்கு என்று நினைத்தீர்கள்? நானும் பென்சில்தான் சீவிக்கொண்டிருந்தேன். என்னிடமும் சரக்கு தீர்ந்துவிட்டது. வேண்டுமானால் முதல் வரிக்குத் திரும்பிப் போங்கள், எழுந்து மட்டும் போய்விடாதீர்கள்.

வாத்தியார் மூன்றாம் தடவையாக ஆரம்பிக்கிறார். "ஏரிக்குத் தண்ணி எங்கிருந்து வருது?"

அம்சவேணியும் கை தூக்கியிருக்கிறாள். அவரைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்க்கிறாள். உள்ளங்கையில் இன்னும் ஒரு தடிப்புகூட இல்லை.