மசாவுசோவின் இன்னொரு கால்

லுவாங்வா ஆற்றங்கரை வனவிலங்குப் பூங்காவில் மசாவுசோ நெடுங்காலம் காவலராக இருந்தவர். ஒரு மழைக்காலத்தில், கழுத்தில் வேட்டைக்காரர்களின் கம்பிச் சுருக்கு இறுகிய பெண் சிங்கம் ஒன்றைத் தேடி, அவரும் சக காவலர் செலிப்பாவும் நாணல் காட்டுக்குள் போனார்கள். சிங்கத்தைக் கண்டுபிடித்து ரேடியோவில் தகவலும் சொல்லியாயிற்று. திரும்பும் வழியில் நாணலுக்குள் படுத்திருந்த கிழட்டு எருமை எழுந்து வந்து மசாவுசோவை முட்டித் தள்ளி, ஒரு காலை முழங்காலுக்குக் கீழே மிதித்து நசுக்கிவிட்டது.

சிங்கத்துக்காகச் சின்ன விமானம் வந்தது. அதில் வந்த கால்நடை மருத்துவர் மயக்க ஊசி போட்டு, கம்பியை வெட்டி, புண்ணைக் கழுவினார். பிறகு வந்து மசாவுசோவின் காலுக்குக் கட்டுப் போட்டார்.

"இவரை உடனே சிப்பாட்டா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்."

செலிப்பா விமானியிடம் ஓடினாள். "பின்னாடி சீட்டு காலியாத்தானே இருக்கு? அண்ணனை ஏத்திக்குங்க."

"இது மிருகங்களுக்குன்னு நன்கொடையா வந்த விமானம்மா. ஆளை ஏத்தினா இன்சூரன்ஸ் கிடையாது. என் வேலை போயிரும்."

"அண்ணனுக்கு வால் முளைச்சாத்தான் ஏத்துவீங்களா?"

விமானி அவரை ஏற்றாமலே கிளம்பிவிட்டார். பூங்கா அலுவலகம் அனுப்பிய வண்டி வழியில் சேற்றில் புதைந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கால் கறுத்துவிட்டிருந்தது. முழங்காலோடு எடுத்துவிட்டார்கள்.

கோடையில், விமானம் வைத்திருந்த அறக்கட்டளை வெளிநாட்டு விருந்தினர்களை அழைத்து விழா எடுத்தது. மசாவுசோவுக்குப் புதுச் சீருடை கொடுத்து மேடையில் நிறுத்தினார்கள். அவருக்கு ஆங்கிலம் வராது. சுற்றுலா விடுதி வழிகாட்டி லைசன் மொழிபெயர்த்தான்.

மசாவுசோ ஊன்றுகோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசினார். "சிங்கம் பொழச்சதுல எனக்குச் சந்தோஷம்தான். ஆனா அந்த விமானத்துல எனக்கு எடம் இருந்துச்சு. ஏத்தியிருந்தா என் கால் இருந்திருக்கும். இனிமேலாவது காவலர்களை ஏத்துங்க."

லைசன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னான். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மசாவுசோவின் முகம் மலர்ந்தது. கீழே இறங்கியதும் செலிப்பாவின் தோளைப் பிடித்தார். "பாத்தியா? புரிஞ்சுக்கிட்டாங்க. அந்தம்மா அழுதுட்டாங்க!"

ஆங்கிலம் தெரிந்த செலிப்பாவால் அதை மறைக்க முடியவில்லை. "அண்ணே, அவன் நீங்க சொன்னதைச் சொல்லல. 'சிங்கத்துக்காக ஒரு கால் குடுத்தேன், கேட்டா இன்னொரு காலையும் குடுப்பேன்'னு சொன்னான். அதுக்குத்தான் அழுதாங்க."

மசாவுசோ லைசனைத் தேடிப் போனார். "ஏன்டா இப்படிச் செஞ்சே?"

"நீங்க சொன்னதை அப்படியே சொல்லியிருந்தா நாளைக்கு எனக்கு வேலை இருக்காதுண்ணே. உங்களுக்குத்தான் கால் போயிருச்சு. எனக்கு எதுக்குப் போகணும்?"

மசாவுசோவுக்கு அவனை அடிக்கக்கூடத் தோன்றவில்லை.

அந்த வருடமே செலிப்பா வேலையை விட்டுவிட்டு கருவாடு விற்கப் போனாள். மசாவுசோவைப் பூங்கா வாசலில் தடுப்புக்கட்டை தூக்க வைத்திருக்கிறார்கள். வண்டிகளில் வருகிறவர்கள் அவரை அடையாளம் கண்டு இறங்குவார்கள். படம் எடுத்துக்கொண்டு, இன்னொரு காலைப் பற்றி ஏதோ சொல்லித் தோளில் தட்டுவார்கள். அவர் கட்டையைத் தூக்குவார்.