பத்தடி நீல எழுத்து

சுவரில் எழுதுவதில் பெயிண்டரை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. புது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குழாயில் வரத் தொடங்கியபோது, 'தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும்' என்று குடிநீர் அலுவலகம் சொன்னபடி தெருவுக்குத் தெரு நீல நிறத்தில் எழுதியவர் அவர்தான். பம்ப் ஹவுஸ் சுவரில் மட்டும் பத்தடி நீளம். அரைத் தூக்கத்தில் வருகிறவன்கூடப் படித்துவிடுவான் என்று பீற்றிக்கொள்வார்.

ஊருக்கு எழுதியதை அவர் வீட்டிலும் கடைப்பிடித்தார். தாய்ப்பால் போதாத கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கரைக்க, தானே தண்ணீரை அடுப்பில் ஏற்றுவார். பாதியாகச் சுண்டாமல் இறக்கமாட்டார்.

"தண்ணி வைக்கச் சொன்னா கஷாயம் வைக்கிறாரு" என்று மனைவி சிரிப்பாள்.

அந்தக் குழந்தைதான் உதடும் நகமும் நீலம் பாரித்து ஆஸ்பத்திரியில் கிடந்தது. நல்லவேளை, ஊசி போட்டதும் நிறம் திரும்பியது. டாக்டரம்மா வெளியே வந்து சொன்னார்.

"தண்ணியில நைட்ரேட் ஜாஸ்திங்க. உரமும் சாக்கடையும் மண்ணுல இறங்கி வந்தது. கைக்குழந்தைங்களுக்கு ரத்தத்தையே கெடுத்துடும்."

"நான் நல்லா காய்ச்சினேனே டாக்டர்!"

"காய்ச்சினா கிருமிதான் சாகும். இது போகாது. தண்ணி சுண்டச் சுண்ட இது கூடத்தான் செய்யும்."

பெயிண்டர் நேரே குடிநீர் அலுவலகத்துக்குப் போனார்.

"நைட்ரேட் இருக்கிறது உங்களுக்குத் தெரியுமா சார்?"

அங்கிருந்த இன்ஜினியர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "டெஸ்ட்ல வந்துச்சுய்யா. கைக்குழந்தைக்குத்தான் பிரச்சினை. அதுக்காக ஊரையே பயமுறுத்தச் சொல்றியா? அதான் பொதுவா காய்ச்சிக் குடிங்கன்னு போட்டோம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பெயிண்டர் பார்த்திருக்கிறார். மறைப்பதற்கு இவர் கையையே கரண்டியாக்கிக்கொண்டவரை அன்றுதான் பார்த்தார்.

"மாத்தி எழுதுங்கன்னு சொல்லுங்க. இப்பவே எழுதறேன்."

"மேல இருந்து உத்தரவு வரணும்."

"வர்ற வரைக்கும் குழந்தைங்க இதையே குடிக்கணுமா?"

இன்ஜினியர் அடுத்த நபரைக் கூப்பிட மணி அடித்தார்.

பெயிண்டர் வீட்டுக்குப் போய் ஏணியையும் சிவப்பு எனாமல் டப்பாவையும் எடுத்துக்கொண்டு பம்ப் ஹவுஸுக்கு வந்தார். கோடு போடாமல் அவர் எழுதியது அதுதான் முதல் தடவை.

"யாரைக் கேட்டு எழுதறே?" என்று வாட்ச்மேன் ஓடிவந்தார்.

"போன தடவை அவங்களைக் கேட்டுத்தான்யா எழுதினேன். கேட்டுக் கிழிச்சது போதும்."

நீல எழுத்துக்குக் கீழே 'கைக்குழந்தைக்கு ஆகாது' என்று முடித்தபோது, கீழே ஒரு குரல் கேட்டது. முக்கில் இஸ்திரிக்கடை வைத்திருப்பவரின் மருமகள். இடுப்பில் குழந்தை, கையில் பால் புட்டி.

"எது ஆகாதுண்ணே?"

"இந்தத் தண்ணிதாம்மா. பாலுல கலக்காதே."

"காய்ச்சித்தானே கலக்கறேன்? நீங்க எழுதியிருக்கிற மாதிரியே. ஒரு தடவை போதாதுன்னு மூணு தடவை காய்ச்சறேன்."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பெருமைகூட இருந்தது. பெயிண்டர் ஏணியிலிருந்து குதித்தார். குழந்தையின் விரல்களை விரித்து வெளிச்சத்தில் பார்த்தார். நகக்கண்ணில் லேசாக நீலம் இறங்கியிருந்தது. அந்த நிறத்தை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"யோவ், ஆட்டோவைப் பிடிய்யா!" என்று கத்தினார். வாட்ச்மேன் யாரையும் கேட்கவில்லை. தெருவில் வந்த ஆட்டோவை மறித்து, அவளை ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார்.

"டாக்டரம்மாகிட்ட நைட்ரேட்னு சொல்லு! மறந்துடாதே!" என்று பெயிண்டர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

ஆட்டோ முக்குத் திரும்பி மறைந்ததும் அவர் சுவரைப் பார்த்தார். நீல எழுத்துகள் அளந்து வைத்தாற்போல் அழகாக இருந்தன. அந்த அழகைப் பார்க்கப் பார்க்க அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. டப்பாவில் மிச்சமிருந்த சிவப்பு முழுவதையும் அதன்மேல் வீசி ஊற்றினார்.

மற்றத் தெருக்களில் எழுதியவை அப்படியே இருந்தன. வீட்டில் இன்னொரு டப்பா இருந்தது. ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.