கொடி சரி, கிடார்தான்

கர்ட்டிஸ் பிக்கப் வண்டியைப் பின்னால் எடுத்து, சபையின் வாசற்படிக்கு நேராக நிறுத்தினான். இரண்டு கதவுகளையும் விரியத் திறந்துவைத்தான். சபைக்குள் சவப்பெட்டியில் அவன் மனைவி ரேலின் கிடந்தாள்.

"என்ன மாப்ள பண்றே?"

மாமனார் வர்ஜில் படியில் நின்றார். இந்த அலபாமா சபையில் பாட்டு எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். இங்கே வாத்தியம் கிடையாது. பியானோகூட ஆகாது. மனிதத் தொண்டை மட்டும்.

"ரேலினோட ஆல்பம், மாமா."

"இந்தக் கட்டடத்துக்குள்ள கிடார் கேட்டதில்ல. இன்னிக்கும் கேக்காது."

"வண்டி வெளியிலதான நிக்குது?"

"காலேஜுல இதைத்தான் படிச்சியா?"

போரில் செத்த தன் அண்ணன் டாயிலுக்காக ரேலின் பாடிய ஆல்பம். அட்டையில் அவள், கிடார், பின்னால் விரிந்த தேசக்கொடி. அந்த அட்டையைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார் வர்ஜில். இசைத்தட்டை ஒருநாளும் கேட்டதில்லை. "கொடி சரி, கிடார்தான் ஆகாது" என்பார்.

குரல் போவதற்கு முன் ஆஸ்பத்திரியில் ரேலின் சொன்னாள்: "அப்பா முன்னாடி போடு. எந்திரிச்சுப் போனா போகட்டும். நீ நிறுத்தாத."

பெட்டி வெளியே வந்தது. கர்ட்டிஸ் வண்டி ஸ்டீரியோவின் பொத்தானை அழுத்தினான்.

டிரம் இடித்தது. கிடார் கிழித்துக்கொண்டு வந்தது. அதன்மேல் அவள் குரல், சண்டைக்கு நிற்பதுபோல.

"ஆண்டவரே! செத்தும் மெதுவாப் பாட மாட்டாளா இவ?" என்று காதைப் பொத்தினாள் லர்லீன் அத்தை.

வர்ஜில் அசையவில்லை. இரண்டாவது சரணத்தில் டாயிலின் பெயர் வரும். அதற்குச் சற்று முன் பாட்டு நின்றுபோனது.

கர்ட்டிஸ் சாவியைத் திருகினான். டக் டக் என்றது. பேட்டரி செத்திருந்தது.

பெட்டியைத் தூக்கியவர்கள் படியிலேயே நின்றார்கள். வர்ஜில் இறங்கித் தன் வண்டியை நோக்கி நடந்தார்.

போகட்டும் என்று நினைத்தான் கர்ட்டிஸ். திரும்பத் திரும்பச் சாவியைத் திருகினான்.

வர்ஜிலின் வண்டி வளைந்து வந்து, அவன் வண்டிக்கு மூக்கோடு மூக்காக நின்றது. அவர் பானெட்டைத் திறந்தார். தோளில், ஒரு பேட்டரியிலிருந்து இன்னொன்றுக்கு மின்சாரம் கொடுக்கும் ஜம்பர் கேபிள்.

"புது பேட்டரி போடுன்னு அவ கத்திக்கிட்டே கெடந்தாளே?"

"ஆமா மாமா."

"கேட்டியா? சிவப்ப முதல்ல மாட்டு."

இன்ஜின் பிடித்தது. பாட்டு முதலிலிருந்து தொடங்கியது. விட்ட இடத்துக்கு ஓட்டக் கை நீட்டினான் கர்ட்டிஸ்.

"விடு" என்றார் வர்ஜில். "முழுசா வரட்டும்."

பெட்டியைத் தூக்கியவர்கள் கீழே வைக்கவில்லை. சபையில் பாட்டு எடுத்துக் கொடுக்கும்போது அசையும் வர்ஜிலின் வலது கை, வண்டியின் பக்கவாட்டில் தாளம் போட்டது. டிரம்முக்குக் கொஞ்சம் பிந்தியே விழுந்தது.